வரவிருக்கும் நூல்களின் பட்டியலில் விடுபட்ட பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நூல் பகுதியில் சென்ற வாரம் வெளியான 'வரவிருக்கும் நூல்கள்' பட்டியலைப் படித்தேன். இளையோர் நாவல்களுக்கும், முழுக் கதையையும் ஓவியக் கட்டங்களில் சொல்லும் கிராஃபிக் நாவல்களுக்கும் தனியே ஒரு கட்டம் ஒதுக்கியிருந்ததைக் கண்டதும் மகிழ்ந்தேன். மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படித்தபோதுதான், ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, எழுத்தாளர் பெயர், வெளியாகும் காலம் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதும், கிராஃபிக் நாவல்களில் ஒன்றுக்குக்கூட அதை வரைந்தவரின் பெயர் இல்லை என்பதும் கண்ணில் பட்டன. அந்தக் குறையைச் சுட்டவும், இத்தகைய பட்டியலை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் வாசகர்களுக்கு அதில் என்னவெல்லாம் தேவைப்படுகிறது என்று சொல்லவுமே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் நாற்பது வயதைக் கடந்தவள். பதினைந்து வயதாகும் என் அண்ணன் மகளும் நானும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொண்டு காத்திருக்கிறோம். இளையோர் நூல்களை இந்த வயதில் ஏன் படிக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்லும் பதில் இக்கடிதத்தில் அடங்காது. ஆனால் இரண்டு தலைமுறை வாசகர்கள் ஒரே நூலுக்காகக் காத்திருக்கும்போது, அந்தக் காத்திருப்பே ஒருவருக்கொருவர் வேறுபடுவதை அருகிலிருந்து பார்க்க முடிகிறது. பதினைந்து வயதில் இரண்டு ஆண்டு என்பது சிறிய காலமன்று. அடுத்த தொகுதி வருவதற்குள் வாசகி உயரமாகி, பள்ளி மாறி, தோழிகள் மாறி, முந்தைய தொகுதியை விரும்பிப் படித்த அதே பெண்ணாக இல்லாமலே போய்விடக்கூடும். 'விரைவில்' என்ற சொல்லைத் தங்கள் பட்டியலில் மூன்று இடங்களில் கண்டேன். இளைய வாசகர்களுக்கான பட்டியலில் அச்சொல்லைக் கொஞ்சம் எண்ணிப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

ஃபிலிப் புல்மனின் 'தி புக் ஆஃப் டஸ்ட்' வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதல் நூல் 2017 அக்டோபரிலும், இரண்டாவது 2019 அக்டோபரிலும் வெளிவந்தன. மூன்றாவதும் இறுதியுமான நூல் 2025 அக்டோபரில்தான் வந்தது. முதல் நூலைப் பன்னிரண்டு வயதில் கையில் எடுத்த ஒருவர் இறுதி நூலைத் திறக்கும்போது அவருக்கு இருபது வயது ஆகியிருக்கும். முதல் நூலில் கைக்குழந்தையாக இருக்கும் லைரா, இரண்டாம் நூலில் இருபது வயதுப் பெண்ணாக வருகிறாள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வாசகரும் கதாநாயகியும் ஏறத்தாழ ஒரே வயதில் மீண்டும் சந்தித்துக்கொள்கிறார்கள். எழுத்தாளர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. காலம் செய்த ஏற்பாடு அது. அந்த ஆறு ஆண்டு இடைவெளியில் ஆர்வத்தை இழந்து விலகிப்போன வாசகர்களும் இருந்திருப்பார்கள். ஆகவே ஒரு வரிசையின் நடு நூலை அறிவிக்கும்போது, இது எத்தனையாவது, மொத்தம் எத்தனை, முந்தையது எந்த ஆண்டில் வந்தது என்ற மூன்று விவரங்களையும் சேர்த்துக் கொடுத்தால், இப்போதே தொடங்குவதா, முழுவதும் வந்த பிறகு தொடங்குவதா என்று வாசகரே முடிவு செய்துகொள்வார். என் அண்ணன் மகள் இரண்டாம் வகை. வரிசை முடிந்ததென்று தெரிந்தால்தான் முதல் பக்கத்தைத் திறப்பாள். நான் முதல் வகை, அதனால் அதிகம் துன்பப்படுகிறவளும் நானே.

இன்னொரு விதமான காத்திருப்பும் உண்டு. சூசன் காலின்ஸ் தமது 'தி ஹங்கர் கேம்ஸ்' மூன்று நாவல்களை 2008 முதல் 2010 வரை ஆண்டுக்கு ஒன்றாக முடித்துவிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 2020இல், கதை தொடங்குவதற்கு 64 ஆண்டுகள் முந்தைய காலத்துக்குப் போய் ஒரு நாவலும், 2025 மார்ச்சில் 24 ஆண்டுகள் முந்தைய காலத்தில் மற்றொன்றும் எழுதினார். பின்னதில் நடக்கும், பதின்பருவத்தினர் ஒருவரே எஞ்சும்வரை மோதும் போட்டியில் யார் வெல்வார் என்பது 2009இல் வந்த இரண்டாம் நாவலிலேயே சொல்லப்பட்டுவிட்டது. முடிவு தெரிந்த கதைக்காக உலகெங்கும் வாசகர்கள் ஏன் காத்திருந்தார்கள் என்ற கேள்விக்கு, இதிகாசங்களை ஆயிரம் முறை கேட்டும் அலுக்காத மரபில் வந்த நமக்கு விடை எளிது: வென்றார் என்று தெரியும், வெல்வதற்கு அவரிடமிருந்து என்னென்ன பறிக்கப்பட்டன என்பது தெரியாது. இத்தகைய நூலை 'புதிய கதை' என்று மட்டும் குறிப்பிட்டால், முதல் மூன்றைப் படிக்காத ஒருவர் இதிலிருந்து தொடங்கி, பெற வேண்டிய அதிர்ச்சிகளைத் தவறான வரிசையில் பெற்றுவிடுவார்.

இதைச் சொல்லும்போது ஒரு சிறிய வருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஓர் இதழில் (தங்களுடையது அன்று) ஒரு வரிசையின் மூன்றாம் நூலைப் பற்றிய அறிவிப்பு வந்தது. அதன் முதல் வரியே, இரண்டாம் நூலின் கடைசி அத்தியாயத்தில் இறந்துபோகும் ஒருவரின் மரணத்திலிருந்து தொடங்கியது. என் அண்ணன் மகள் அப்போது இரண்டாம் நூலின் பாதியில் இருந்தாள். அறிவிப்பை எழுதியவர் எந்தத் தீய எண்ணமும் இல்லாமல், பதிப்பகம் அனுப்பிய குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆயினும் அவள் மீதிப் பாதியைப் படித்த விதம் வேறாகிவிட்டது. தொடர் வரிசையின் அறிவிப்பில் கதைச் சுருக்கம் வேண்டியதில்லை. முந்தைய நூலைப் படித்தவருக்கு அது தேவைப்படாது, படிக்காதவருக்கு அது கேடு.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய கிராஃபிக் நாவல்களுக்கு வருகிறேன். இவற்றுக்கான காத்திருப்பு ஏன் நீள்கிறது என்பது பெரும்பாலான வாசகர்களுக்குத் தெரிவதில்லை. 240 பக்கம் கொண்ட ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று வைத்தாலும் 1,200 ஓவியங்கள். ஒரே சிறுமியின் முகத்தை நூற்றுக்கணக்கான முறை, வெவ்வேறு கோணங்களில், ஒவ்வொரு முறையும் அவளே என்று அடையாளம் தெரியும்படி வரைய வேண்டும். மூன்றாம் பக்கத்தில் கிழிந்த சட்டைப் பை முப்பதாம் பக்கத்திலும் கிழிந்தே இருக்க வேண்டும். முதலில் எழுத்துப் பிரதி, அடுத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் கைவிரல் அளவிலான முன்வரைவு, பிறகு பென்சில் ஓவியம், அதன்மேல் மை, அதன்பின் வண்ணம், கடைசியில் வசனக் குமிழிகளும் எழுத்துகளும் என்று வேலை படிப்படியாக நகர்கிறது. நாளுக்கு ஒரு பக்கம் என்ற வேகத்தில், ஒரு நாளும் ஓய்வில்லாமல் பென்சில் வேலையை மட்டும் முடிக்கவே எட்டு மாதங்கள் ஆகும். இத்தனையும் முடிந்து கைக்கு வந்த நூலை என் அண்ணன் மகள் ஒரே மாலையில் முடித்துவிட்டு, "அடுத்தது எப்போ, அத்தை?" என்று கேட்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கண்ணைத் தடையின்றி ஓடச் செய்வதுதான் அந்த ஓவியரின் திறமை. உழைப்பு தெரியாமல் இருப்பதே அந்த உழைப்பின் வெற்றி.

ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' 1980 முதல் ஒரு இதழில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவந்து, முதல் பாகம் 1986இலும் இரண்டாம் பாகம் 1991இலும் நூலாகி, 1992இல் புலிட்சர் சிறப்பு விருதைப் பெற்றது. இளையோருக்கென்று எழுதப்பட்டதல்ல என்றாலும், பதின்பருவத்தினர் பலர் முதன்முதலாக நாஜிகளின் யூதப் படுகொலை என்ற கனமான ஒரு வரலாற்றை ஓவியத்தின் வழியே சந்தித்தது அந்நூலில்தான். ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' வேறு வகை. அது 2016இல் இணையத்தில் தொடங்கிய தொடர். பக்கங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும்போதே இலவசமாகப் படித்துவிட்ட வாசகர்கள், அச்சு நூலுக்காக மீண்டும் காத்திருந்தார்கள். ஐந்து தொகுதிகளில் முடியும் என்று எண்ணப்பட்ட கதை வளர்ந்து ஆறானது. ஐந்தாவது தொகுதி 2023 டிசம்பரில் வந்தது, ஆறாவதே இறுதி என்று ஆசிரியரே அறிவித்தார். எழுதுவதும் வரைவதும் ஒரே கை என்பதால், அந்தக் கை ஓய்வெடுத்தால் எல்லாமே நிற்கும். வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனது என்ற செய்தியைத் தாங்கள் வெளியிடும் நாளில், அதற்கான காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்தால், இணையத்தில் ஓவியர்களைத் திட்டித் தீர்க்கும் இளைய வாசகர்களில் நான்கு பேராவது சற்று நிதானிப்பார்கள்.

எழுதுபவரும் வரைபவரும் வேறு வேறானவர்கள் என்றால், பெயரை விடுவது இன்னும் பெரிய பிழை. 2016இல் அமெரிக்க தேசிய நூல் விருதை, இளையோர் இலக்கியப் பிரிவில், முதன்முறையாக ஒரு கிராஃபிக் நாவல் பெற்றது: 'மார்ச்' வரிசையின் மூன்றாம் நூல். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்ட வீரரான ஜான் லூயிஸின் வாழ்க்கைக் கதை என்பதால் அவர் பெயரால் மட்டுமே அந்நூலைக் குறிப்பிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் விருது மூவருக்கு வழங்கப்பட்டது: லூயிஸ், அவருடன் எழுதிய ஆண்ட்ரூ அய்டின், வரைந்த நேட் பவல். காவலர்களின் தடியடியைக் கறுப்பு மையின் வீச்சில் நம்மை உணரவைத்தவர் பவல்தான். வண்ணம் தீட்டுபவர்களின் நிலை இதைவிட மோசம். 2007இல் இளையோர் நூல்களுக்கான அமெரிக்காவின் பிரின்ட்ஸ் விருதைப் பெற்ற முதல் கிராஃபிக் நாவலான 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' நூலை எழுதி வரைந்தவர் ஜீன் லுவென் யாங் என்பது பலருக்குத் தெரியும். வண்ணம் லார்க் பியென் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? திரைப்படச் செய்தி எழுதும்போது ஒளிப்பதிவாளர் பெயரைத் தவறாமல் போடுகிறோம். நூலுக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கனம்?

இந்த நூல்களைச் சிறுவர் பகுதியின் மூலையில் வைப்பதையும் இனிக் கைவிடலாம் என்று நினைக்கிறேன். 2020இல் ஜெர்ரி கிராஃப்ட்டின் 'நியூ கிட்' அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தைப் பெற்ற முதல் கிராஃபிக் நாவலான பிறகு, 'படம் பார்ப்பது படிப்பாகுமா' என்ற விவாதம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பது வேறு. அதே நேரத்தில், படங்கள் இருப்பதாலேயே எல்லாம் எல்லா வயதுக்கும் ஏற்றவை என்று எண்ணி எட்டு வயதுக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத் திகைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்; எனவே வயது பற்றிய குறிப்பு கட்டாயம் வேண்டும்.

ஏற்கெனவே புகழ்பெற்ற நாவல்கள் கிராஃபிக் வடிவில் வரப்போகின்றன என்ற அறிவிப்புகளை நான் நீண்ட காலம் சந்தேகத்துடனேயே பார்த்து வந்தேன். விற்றதையே மீண்டும் விற்கும் உத்தி என்பது என் எண்ணம். அதை மாற்றியது ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்'. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கத் துப்பாக்கியுடன் கிளம்பும் பதினைந்து வயதுச் சிறுவன் மின்தூக்கியில் கீழே இறங்கும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரமே மொத்தக் கதை. ஒவ்வொரு தளத்திலும் இறந்துபோன ஒருவர் உள்ளே ஏறுகிறார். 2017இல் கவிதை வடிவில் வந்த நாவல் அது. 2020இல் டானிகா நோவ்கொரோடோஃப் அதை நீர்வண்ணத்தில் வரைந்தார். மூடிய ஒரு சிறு பெட்டிக்குள் நடக்கும் கதையை எப்படி வரைய முடியும் என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். வண்ணம் காகிதத்தில் கசிந்து பரவும் விதத்திலேயே புகையும் இரத்தமும் நினைவும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதைக் கண்டபோது, கவிதையில் வரிகளுக்கிடையே இருந்த வெற்றிடம் இங்கே கசிவாக மாறியிருப்பது புரிந்தது. 2022இல் அந்த ஓவியங்கள், சிறுவர் நூல் ஓவியத்துக்கான பிரிட்டனின் கேட் கிரீனவே பதக்கத்தைப் பெற்றன. 1973க்குப் பிறகு ஒரு கிராஃபிக் நாவல் அப்பதக்கத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. அதனால் இப்போது தழுவல் ஒன்று அறிவிக்கப்பட்டால் நான் முதலில் தேடுவது மூல நாவலின் பெயரை அன்று, வரைபவரின் பெயரை. அந்தப் பெயர்தான் தங்கள் பட்டியலில் இல்லை.

பெயருடன் ஒரு மாதிரிப் பக்கத்தையும் வெளியிடுவது நல்லது. நாவலின் அட்டைப்படம் உள்ளே இருக்கும் உரைநடையைப் பற்றி ஒன்றும் சொல்லாது; கிராஃபிக் நாவலின் உட்பக்கம் ஒன்று ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிடும். பேச்சு எவ்வளவு, மௌனம் எவ்வளவு, பக்கத்தில் கட்டங்கள் நெருக்கியடிக்கின்றனவா, மூச்சுவிட இடமிருக்கிறதா என்பதை ஒரு பார்வையில் அறியலாம். செய்தித்தாளின் காகிதத்தில் நீர்வண்ணம் சேறாகிவிடும் என்பதை அறிவேன். ஆனால் அழுத்தமான கறுப்பு வெள்ளையில், தடித்த கோடுகளில் வரையப்பட்ட நூல்கள் எந்தத் தாளிலும் நிற்கும். அவற்றையாவது தேர்ந்தெடுத்துப் போடலாம்.

மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் என் பாதி ஆசையை மறைத்தவளாவேன். தமிழில் வரவேண்டும் என்று நான் காத்திருக்கும் கிராஃபிக் நாவல்கள் பல. அவை வந்தால் எப்படி வரவேண்டும் என்பதில் எனக்குக் கவலையும் உண்டு. வசனக் குமிழியின் அளவை மூல ஓவியர் தம் மொழிக்கேற்ப வரைந்துவிடுகிறார். ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவின் குமிழிகள், மேலிருந்து கீழே எழுதும் எழுத்துக்காக உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். அதற்குள் 'போய்க்கொண்டிருந்திருப்பார்களோ' போன்ற ஒரு தமிழ்ச் சொல்லை எப்படி அடக்குவது? எழுத்தைச் சிறிதாக்கினால் கண் வலிக்கும், சொல்லை இரண்டாக உடைத்தால் பேச்சின் வேகம் போகும். சுருங்கச் சொல்லத் தெரிந்த மொழிபெயர்ப்பாளரால் மட்டுமே இதைச் சமாளிக்க முடியும். அடுத்தது, பேச்சுநடை. பதினாறு வயதுப் பையன் கோபத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு, "என்னை ஏன் நீங்கள் புரிந்துகொள்ளவில்லை?" என்று குமிழியில் பேசினால், அவன் வானொலிச் செய்தி வாசிக்கிறான் என்றே எந்தப் பதினாறு வயது வாசகனும் நினைப்பான். இந்தக் கடிதத்தை நான் எழுத்துத் தமிழில் எழுதுவது முறை. அந்தப் பையன் அப்படிப் பேசுவது முறையாகாது. மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்கும் முறையையும் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் தொடக்கக் காலத்தில் பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி அச்சிட்டதால், வலக்கை வாள்வீரர்கள் எல்லாம் இடக்கையர்களாகிப் போனார்கள். பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. இளைய வாசகர்கள் திசை மாற்றிப் படிக்க ஐந்து நிமிடத்தில் பழகிவிடுகிறார்கள். எனக்குத்தான் ஒரு வாரம் ஆனது.

சொற்களே இல்லாத நூல்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஷான் டானின் 'தி அரைவல்' 2006இல் வந்தது. அந்நிய நகரில் வந்திறங்கும் ஒருவரின் கதையை ஒரு வசனமும் இல்லாமல் சொல்கிறது. அந்நகரின் பெயர்ப் பலகைகள்கூட ஓவியரே கற்பனை செய்த எழுத்துகளில் இருப்பதால், எந்த மொழிக்காரரும் அதில் எழுத்தறியாதவராகவே நுழைகிறார். இத்தகைய நூல் வரவிருப்பதாகத் தெரிந்தால், அது எந்த நாட்டில் வெளிவந்தாலும் தங்கள் பட்டியலில் இடம்பெற எல்லா உரிமையும் உடையது.

கடைசியாக, அறிமுக எழுத்தாளர்களைப் பற்றி ஒன்று. 'தி அவுட்சைடர்ஸ்' என்ற இளையோர் நாவல் 1967இல் வெளிவந்தபோது அதை எழுதிய எஸ். இ. ஹின்டனுக்கு வயது 18; எழுதத் தொடங்கியபோது அவர் பள்ளி மாணவி. பையன்களின் கதையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடக் கூடாதென்று பதிப்பகம் அவர் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கியது. இளையோருக்கான நூல்களில் பெரும்பகுதியை இன்றும் என் வயதொத்தவர்களே எழுதுகிறோம், நாங்களே பரிந்துரைக்கிறோம், நாங்களே விமர்சிக்கிறோம். அறிமுக எழுத்தாளரின் முதல் நூல் என்றால் அதைத் தனியே குறிப்பிடுங்கள். யாருக்கும் பெயர் தெரியாத ஒருவருக்காகக் காத்திருக்கவும் சிலர் இருக்கிறோம்.

தங்கள் பட்டியலை என் அண்ணன் மகள் கத்தரித்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். விடுபட்ட ஓவியர்களின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பென்சிலால் எழுதி வருகிறாள். இரண்டு பெயர்கள் இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த வாரப் பகுதியில் அவற்றை வெளியிட்டால் அவளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நூல் பகுதியின் நீண்ட நாள் வாசகி